எஸ்ஆர்டி 5.1 மேஜிக் ரூல்ஸ் ரிவ்யூ: ஃபயர்பால் இருக்கு, மந்திரவாதியத்தான் காணோம்

இது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முழு கேமோட ரிவ்யூ கெடையாது, அத மொதல்லயே சொல்லிடறேன். நெட்ல ஃப்ரீயா கெடைக்குற எஸ்ஆர்டி 5.1னு, அதாவது சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்னு, ஒரு பிடிஎஃப் இருக்கு, 400 பக்கத்துக்கு மேல வரும், அந்த கேமோட அடிப்படை ரூல்ஸ் மட்டும் இருக்கும், அதுல மந்திரம் போடற கேரக்டர்களுக்கான பகுதிய மட்டும் எடுத்து எழுதறேன். ஏன்னா சொந்தமா ஒரு மந்திர சிஸ்டம் டிசைன் பண்ணணும்னு கெளம்புறவங்க நெறைய பேரு சுத்திச் சுத்தி இந்த பிடிஎஃப்லதான் வந்து நிக்கறாங்க, நாங்களும் அப்படித்தான். சேலம் அஸ்தம்பட்டில ஒரு மாடி ரூம்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம் உக்காந்து ஆடற குரூப் எங்களோடது, நான்தான் டிஎம், அதாவது கதைய நடத்தறவன். கதை நடக்கற எடம் சேர்வராயன் மலையப் பாத்து நாங்களே வரைஞ்ச ஒரு மலை. அந்த மலைல ஒரு மந்திரவாதி எப்படி மந்திரம் போடுவான், அதுக்கு இந்த ரூல்ஸ் எவ்ளோ தூரம் ஒத்து வருது, எங்க மக்கர் பண்ணுதுன்னு பாக்கலாம்.

இந்த மாதிரி கேம் ஆடாதவங்களுக்கு ஒரு வார்த்தை. போர்டு, காய் எதுவும் கட்டாயம் இல்ல, ஆளாளுக்கு ஒரு கேரக்டர், நீ என்ன பண்றன்னு டிஎம் கேப்பாரு, நீங்க சொல்லுவீங்க, நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா 20 பக்க டைஸ உருட்டணும். அவ்ளோதான்.

காசு இல்லங்கறத விட பெரிய விஷயம் இதோட லைசென்ஸ். 2023 ஜனவரில இந்த ரூல்ஸ மத்தவங்களும் எடுத்துக்கலாம்னு விட்டிருந்த பழைய ஓபன் கேம் லைசென்ஸ மாத்தப் போறாங்கன்னு ஒரு டிராஃப்ட் லீக் ஆகி, உலகம் பூரா ஆடறவங்க கொந்தளிச்சு, கடைசில அந்த மாசம் 27ஆம் தேதி கேம வெளியிடற விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி இந்த எஸ்ஆர்டி 5.1 மொத்தத்தையும் கிரியேட்டிவ் காமன்ஸ்ல தூக்கி விட்டுட்டாங்க. இனிமே திருப்பி வாங்க முடியாது. யார்கிட்ட இருந்து எடுத்தோம்னு பேரு போட்டா போதும், மாத்தலாம், மொழிபெயர்க்கலாம், அச்சடிச்சு விக்கலாம் கூட. கம்பெனியே பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ்ல போட்டுட்டாங்க. தமிழ்ல வேணும்னா நம்மளே பண்ணிக்க வேண்டியதுதான், பண்ணா யாரும் கேஸ் போட முடியாது, அது சாதாரண விஷயம் இல்லைங்க. 2025ல 5.2ம் அதே லைசென்ஸ்ல வந்துச்சு, சில ஸ்பெல்ல, அதாவது மந்திரத்த, சரி பண்ணிருக்காங்க, ஆனா எங்க டேபிள்ல எல்லாரும் 5.1 மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கறதால மாறல.

சரி உள்ள என்ன இருக்கு. 300க்கு மேல ஸ்பெல், ஒண்ணாம் லெவல்ல இருந்து ஒம்போதாம் லெவல் வரைக்கும், அதுக்குக் கீழ கான்ட்ரிப்னு எத்தன தடவ வேணா போடற சின்ன மந்திரங்க. கேரக்டரோட தொழில்தான் கிளாஸ், அதுக்குள்ள ஒரு பிரிவு சப்கிளாஸ், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ்தான் ஃப்ரீ, விசார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, எவொகேஷன்னு குண்டு போடற ஸ்கூல், சாமி பேர்ல மந்திரம் போடற கிளெரிக்குக்கு லைஃப், அப்படி. பெரிய பெரிய விசார்ட் பேர்ல இருந்த ஸ்பெல்லுக்கெல்லாம் பேரை வெட்டிட்டாங்க, மந்திரம் அப்படியே இருக்கும், கண்டுபிடிச்சவன் பேரு மட்டும் இருக்காது. இதெல்லாம் ஓகே, ஃப்ரீயா குடுக்கறவன்கிட்ட இதுக்கு மேல கேக்க முடியாது.

மந்திரத்தோட எஞ்சின்னு பாத்தா ஸ்பெல் ஸ்லாட். கேரக்டரோட லெவல் வேற, ஸ்பெல்லோட லெவல் வேற, அத குழப்பிக்காதீங்க. அஞ்சாம் லெவல் விசார்டுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணாம் லெவல் ஸ்லாட் 4, ரெண்டாம் லெவல் 3, மூணாம் லெவல் 2, மொத்தம் 9. ஒரு ஸ்பெல் போட்டா ஒரு ஸ்லாட் காலி, ராத்திரி படுத்து எந்திரிச்சா எல்லாம் ஃபுல். தினசரி டேட்டா பேக் எப்படியோ அப்படித்தான், தீந்து போச்சுன்னா அடுத்த ரீசெட் வரைக்கும் கான்ட்ரிப்ப வெச்சு ஓட்டணும். புது ஆளுக்கு அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுடும், அதுதான் இதோட பலம், மனா பாயின்ட்னு மந்திர சக்திக்கு கணக்கு போட்டு கால்குலேட்டர் தேடற வேலை இல்ல.

ஆனா இந்த எஞ்சின் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இது ஏன் நம்ம ஊரு மந்திரவாதிக்கு ஒட்ட மாட்டேங்குதுன்னு புரியும். இந்த கேமுக்கு முன்னாடி, 1971ல, செயின்மெயில்னு பொம்மை சிப்பாய்கள வெச்சு ஆடற ஒரு போர் கேம் ரூல்ஸ் வந்துச்சு, அந்த புக்கோட கடைசில ஒரு ஃபேன்டசி பகுதி இருந்துச்சு. அந்தப் பகுதில விசார்டுங்கறவன் யாரு? பீரங்கி. நெசமாத்தான், ஃபயர்பாலுக்கு கல்லெறியற கேடபுல்ட்டோட பரப்பளவு, லைட்னிங் போல்ட்டுக்கு பீரங்கியோட கணக்கு. 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டி அண்ட் டிய வெளியிட்டப்ப இந்த பீரங்கி மேல, மனப்பாடம் பண்ணி ஒரு தடவ போட்டதும் மறந்து போற மந்திரம்ங்கற ஐடியாவ ஒட்ட வெச்சாங்க, அது ஜாக் வான்ஸ்ங்கற எழுத்தாளர் 1950ல எழுதின கதைகள்ல இருந்து எடுத்தது. இன்னிக்கு இருக்கற ஸ்லாட் சிஸ்டம் அதோட பேரன்தான். அதனால இந்த பிடிஎஃப்ல மந்திரத்தோட லெவல்ங்கறதே பெரும்பாலும் சண்டைல எவ்ளோ அடிக்கும்ங்கற அளவுகோல்தான்.

அளவுகோல்னு சொன்னேன்ல, அதுலயும் ஒரு தில்லுமுல்லு இருக்கு. 2014ல வந்த காசு குடுத்து வாங்கற டிஎம் புக்ல, சொந்தமா ஸ்பெல் உருவாக்கறவங்களுக்கு ஒரு டேபிள் குடுத்துருக்காங்க, மூணாம் லெவல்ல பல பேர அடிக்கற ஸ்பெல்லுன்னா 6டி6, அதாவது ஆறு சாதா டைஸ் அளவுக்கு டேமேஜ் வைங்கன்னு. ஆனா மூணாம் லெவல் ஃபயர்பால் எவ்ளோ? 8டி6. அவங்க டேபிள்படியே அது அஞ்சாம் லெவல் ஸ்பெல்லோட டேமேஜ். ஆவரேஜ் 28, 20 அடி ஆரத்துல இருக்கற எல்லாருக்கும், தப்பிச்சாலும் பாதி. கோப்ளின்ங்கற குட்டி எதிரிக்கு உசுரே 7தான். எல்லாருக்கும் புடிச்ச ஸ்பெல்லுன்னு கூடுதலா குடுத்துருக்காங்க, குடுக்கட்டும், ஆனா நீங்க ஃபயர்பால பாத்து உங்க சொந்த ஸ்பெல்ல அளந்தீங்கன்னா மொத்த சிஸ்டமும் வீங்கிப் போயிடும். சொந்தமா டிசைன் பண்றவங்க தயவு செஞ்சு இத அளவுகோலா வெக்காதீங்க. அந்த டேபிள் இந்த ஃப்ரீ பிடிஎஃப்ல இல்லங்கறதுதான் என்னோட மொதல் கம்ப்ளெய்ன்ட்.

ரெண்டாவதும் அதே ரகம்தான். 9 ஸ்லாட் எந்தக் கணக்குல குடுத்தாங்க? அதே டிஎம் புக்ல ஒரு நாளைக்கு 6ல இருந்து 8 சண்டை வரும்னு ஒரு எதிர்பார்ப்பு சொல்லிருக்காங்க. ஒரு நாள்னா கதைல ஒரு நாள். நாங்க ஞாயித்துக்கிழமை உக்காந்தா மூணு மணி நேரம், அதுல அரை மணி நேரம் தட்டுவடை செட் வாங்கப் போனவன் வரலன்னு போயிடும், மிச்சத்துல ஒரு சண்டை நடந்தா பெருசு. ஒரே சண்டைன்னா விசார்ட் ஏன் சிக்கனம் பாக்கணும், இருக்கற ரெண்டு மூணாம் லெவல் ஸ்லாட்டையும் மொத ரெண்டு ரவுண்டுல கொளுத்திட்டு ஒக்காந்துக்கறான், வாள் தூக்கற பய பாவம் பராக்கு பாத்துட்டு இருக்கான். விசார்ட் ஓவர் பவர்னு நெட் பூரா பொலம்பறாங்களே, பாதி காரணம் இதுதான். இதுக்கு நாங்க பண்ணது சிம்பிள், ஸ்லாட் ஃபுல்லா திரும்பி வரணும்னா ஊருக்கு எறங்கி வரணும், மலைல எங்க படுத்தாலும் அது சின்ன ரெஸ்ட்தான். இந்த ஒரு மாத்தத்துல விசார்ட் பிளேயர் கஞ்சப் பிசினாறி ஆயிட்டாரு, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் யோசிக்கறாரு, கேமும் சூடு புடிச்சுருச்சு.

இப்ப நல்லத சொல்றேன். கான்சென்ட்ரேஷன்னு ஒரு ரூல் இருக்கு பாருங்க, இந்த பிடிஎஃப் முழுக்க எனக்கு ரொம்ப புடிச்சது அதுதான். நீடிச்சு நிக்கற மந்திரங்கள்ல நெறைய, போட்டவன் அதுலயே மனச வெச்சிருந்தாத்தான் நிக்கும். ஒரு நேரத்துல ஒண்ணுதான். அடி பட்டா டைஸ் உருட்டணும், 10 இல்லன்னா வாங்கின அடில பாதி, ரெண்டுல எது அதிகமோ அத எட்டணும், எட்டலன்னா மந்திரம் கலஞ்சுடும். படிக்க ஒண்ணுமே இல்லாத ரூல் மாதிரி இருக்கும், டேபிள்ல வந்துதான் அதோட வேலை தெரியும். மந்திரம் போட்டவன் மேல எல்லாரோட கண்ணும் திரும்பும், எதிரி அவனத்தான் குறி வெப்பான், கூட்டாளி அவனத்தான் மறைப்பான். ஒரே ரூல்ல மந்திரவாதிய பலசாலியாவும் ஆக்கி, அவனுக்கு ஒரு காவலும் தேவைன்னு ஆக்கிட்டாங்க.

ரிச்சுவல் ரூலும் நல்லாருக்கு, பத்து நிமிஷம் கூடுதலா எடுத்துக்கிட்டா ஸ்லாட் செலவு இல்லாம சில மந்திரத்த போடலாம், பூஜை போடற மாதிரி ஒரு சூழ்நிலைய டிஎம் சொல்றதுக்கு எடம் கெடைக்கும். சார்ம் பர்சன்ல ஒரு வரி இருக்கு, மயக்கம் தெளிஞ்சதும் தன்னை மயக்கினது இவன்தான்னு அந்தாளுக்குத் தெரிஞ்சுடும்னு. அது பிரமாதம். ஒண்ணாம் லெவல் ஸ்பெல், ஆனா அதுக்கு நெஜமான வெலை இருக்கு, நாளைக்கு அதே கடைத்தெருவுல நடக்க முடியாது. ஸ்லாட்ட தாண்டி ஒரு வெலை கேக்கற மந்திரங்க இதுல ரொம்ப கம்மி, அதனாலயே இந்த வரிய கட்டம் கட்டி வெச்சிருக்கேன்.

மந்திரத்துக்கு வேண்டிய பொருள்னு ஒரு பகுதி, அது கொஞ்சம் கூத்து. ஃபயர்பாலுக்கு வவ்வால் எச்சமும் கந்தகமும், லைட்னிங்குக்கு ரோமமும் கண்ணாடிக் கம்பியும், அதாவது தேச்சா கரன்ட் வருமே அது. ஹோல்ட் பர்சனுக்கு, ஆள அப்படியே அசையாம நிறுத்தற மந்திரத்துக்கு, ஒரு நேரான இரும்புத் துண்டு. படிக்க ஜாலியா இருக்கும். ஆனா காம்போனென்ட் பௌச்னு ஒரு பை வாங்கி மாட்டிக்கிட்டா இது எதையும் தேட வேண்டாம், எல்லாம் அதுலயே இருக்கறதா கணக்கு, பொருளோட வேலை அங்கயே முடிஞ்சு போச்சு. வெலை போட்ட பொருள் மட்டும்தான் நெஜமா வேணும், செத்தவன ஒரு நிமிஷத்துக்குள்ள எழுப்பற ரிவிவிஃபைக்கு 300 தங்கக் காசு வைரம், அது போடறப்பவே கரைஞ்சுடும்.

எங்க டேபிள்ல இந்தப் பகுதி உசுரோட இருக்குன்னா அதுக்கு சேலம்தான் காரணம். மேஜிக் சர்க்கிள்னு மூணாம் லெவல் ஸ்பெல், பேய் பிசாச உள்ள விடாம வட்டம் போடறது, அதுக்கு புனித நீரு இல்லன்னா 100 தங்கக் காசு பெறுமானத்துக்கு வெள்ளிப்பொடியும் இரும்புப்பொடியும் வேணும். எங்கள்ல ஒருத்தன் வீடு செவ்வாப்பேட்டை, அவங்க வீட்ல கொலுசுப் பட்டறை. அவன் உடனே சொல்றான், அண்ணா வெள்ளிப்பொடிய எவன் காசு குடுத்து வாங்குவான், பட்டறைல சாயங்காலம் தரைய கூட்டி அந்தக் குப்பைய சேத்து வெச்சு உருக்குவோம்ணா, அராவறப்ப உதிர்றது எல்லாம் அதுலதான் இருக்கும், என் கேரக்டர் பட்டறைல வேலை பாக்கறவன், தெனம் ஒரு சிட்டிகை கால் விரல் இடுக்குல ஒட்டிக்கிட்டு வந்துருவான்ணா. இப்ப எங்க கதைல மந்திரவாதிங்க எல்லாம் கொலுசுப் பட்டறைல கூட்டற ஆளோட ரகசிய டீலிங் வெச்சிருக்காங்க, மொதலாளிக்கு மாசக் கடைசில எடை கொறையுது, அதுவே ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு கதையாச்சு. பிடிஎஃப்ல ஒரு வரி, எடத்துல வெச்சுப் பாத்தா ஒரு உலகம். பை வாங்கி மாட்டிக்கற ரூல தூக்கிட்டாலே இதெல்லாம் தன்னால வரும், அதனால தூக்கிடுங்க.

இனி தலைப்புல சொன்ன விஷயம். ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச்ச தாண்டிப் போறவங்க நாம, சாகசப் படம் மாயாஜாலப் படம்லாம் எடுத்த ஊரு. நம்மகிட்ட மந்திரவாதின்னு சொன்னா மனசுல வர்ற ஆளு யாரு? நெருப்பு உருண்டை எறியற ஆளா? ஆள மயக்குவான், வாய கட்டுவான், ஏவல் விடுவான், கூடு விட்டு கூடு பாய்வான், உசுர ஏழு கடல் தாண்டி ஒரு கிளிகிட்ட ஒளிச்சு வெப்பான். இந்த பிடிஎஃப்ல அவன் இருக்கானான்னு தேடினா, துண்டு துண்டா இருக்கான். மேஜிக் ஜார்னு ஒரு ஸ்பெல், உசுர ஒரு ரத்தினத்துல எறக்கி, அங்கேர்ந்து இன்னொருத்தன் ஒடம்புக்குள்ள பூந்துக்கறது, உங்க ஒடம்பு இங்க கட்டையா கெடக்கும். புகுந்த ஒடம்பு செத்து, ரத்தினம் 100 அடிக்குள்ள இல்லன்னா நீங்களும் காலி. கூடு விட்டு கூடு பாயறதும் கிளிக்கதையும் ஒரே ஸ்பெல்ல! ஆனா அது ஆறாம் லெவல் ஸ்பெல், விசார்ட் பதினொண்ணாவது லெவலுக்குப் போனாத்தான் கைக்கு வரும், வாரா வாரம் ஆடினாலும் வருஷக்கணக்குல ஆகும். ஃபயர்பாலோ அஞ்சாவது லெவல்லயே மடில வந்து விழுது. சுவாரசியமான மந்திரம் பூரா மேல பரண்ல, குண்டு போடறது பூரா கைக்கு எட்டற தூரத்துல.

அடுத்து ஸ்கூல். எல்லா ஸ்பெல்லையும் எட்டு ஸ்கூலா பிரிச்சிருக்காங்க, ஆனா அந்தப் பிரிவு ஆட்டத்துல பெருசா எதையும் மாத்தாது, லேபிள்தான். நம்ம மாந்திரீகத்துலயும் எட்டுதான், அஷ்டகர்மம்: தம்பனம், வசியம், மோகனம், பேதனம், வித்துவேடணம், ஆகருடணம், உச்சாடனம், மாரணம். நிறுத்தறது, வசப்படுத்தறது, மயக்கறது, மனச மாத்தறது, பகைய மூட்டறது, இழுக்கறது, வெரட்டறது, கொல்றது. பாத்தீங்களா, எட்டும் வேலை. எந்தப் பொருளால ஆனதுன்னு இல்ல, என்ன செய்யுதுன்னு பிரிச்சிருக்காங்க. எஸ்ஆர்டி ஸ்பெல்ல எடுத்து இதுல அடுக்கிப் பாத்தா ஹோல்ட் பர்சன் தம்பனத்துல உக்காருது, சார்ம் பர்சன் வசியத்துல, பேனிஷ்மென்ட் உச்சாடனத்துல, அதுக்கு வேண்டிய பொருள் என்ன தெரியுமா, அந்த ஜீவனுக்குப் புடிக்காத ஏதாவது ஒண்ணு, நம்ம பேயோட்டறவர் கைல வேப்பிலை ஞாபகம் வரும். ஃபிங்கர் ஆஃப் டெத் மாரணம். ஃபயர்பால் எங்கயும் உக்கார மாட்டேங்குது, அங்கதான் பீரங்கி சாயம் வெளுக்குது.

64 கலைகள் பட்டியலப் பாத்தா இன்னும் சூப்பர். அக்கினித்தம்பம், சலத்தம்பம், வாயுத்தம்பம், திட்டித்தம்பம், வாக்குத்தம்பம், கட்கத்தம்பம்னு வரிசையா வரும், நெருப்ப, தண்ணிய, காத்த, பார்வைய, பேச்ச, வாள நிறுத்தறது. ஒரே வேலைய வேற வேற பொருள் மேல ஏத்தறாங்க. வெளிநாட்டுல 1987ல ஆர்ஸ் மேஜிக்கானு ஒரு கேம் வந்துச்சு, ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹேகனும் பண்ணது, அதுல 5 வினை, 10 பொருள், ரெண்டையும் ஜோடி சேத்து அந்த நிமிஷத்துல மந்திரம் உருவாக்கலாம், 50 ஜோடி. மந்திர டிசைன்ல பெரிய பாய்ச்சல்னு இன்னிக்கும் கொண்டாடறாங்க, கொண்டாட வேண்டியதுதான், ஆனா அந்த ஐடியாவோட எலும்புக்கூடு நம்ம பழைய பட்டியல்ல சும்மா கெடக்கு.

அதனால நாங்க எஸ்ஆர்டி ஸ்பெல் லிஸ்ட்ட மூட்டை கட்டிட்டு எட்டு கர்மத்த வினையா வெச்சோம், பஞ்சபூதம், மனுஷன், மிருகம், ஆவின்னு பொருள் வெச்சோம். இந்த மாதிரி ஜோடி சிஸ்டத்துல எல்லாரும் மாட்டற எடம் ஒண்ணு இருக்கு, பிளேயர் ஏதாவது கேப்பாரு, இது எவ்ளோ பெரிய மந்திரம்னு டிஎம் முழிப்பாரு, வாக்குவாதம் பண்ணியே சாயங்காலம் ஆயிடும். அங்கதான் இந்த பிடிஎஃப் கை குடுக்குது. ஒருத்தன ஒரு நிமிஷம் நிறுத்தறது ரெண்டாம் லெவல், ஒருத்தன மயக்கறது ஒண்ணாம் லெவல், வேற லோகத்து ஜீவன வெரட்டறது நாலாம் லெவல், இப்படி 300 ஸ்பெல்லும் வெலைப்பட்டியலா கைல இருக்கு, கிட்டத்தட்ட அதே வேலைய செய்யறத தேடி அதே லெவல் போட்டுட்டா தகராறு முடிஞ்சுது. ஸ்பெல் லிஸ்ட்டா படிச்சா சலிப்பா இருந்தது, வெலைப்பட்டியலா பொரட்டினா தங்கம்.

மந்திரம் என்ன செய்யும்ங்கறதுல மண்டைய ஒடச்சிக்கறத விட, அது என்ன கேக்கும்னு யோசிச்சாத்தான் மந்திரவாதி வர்றான், இதுதான் நான் இந்த பிடிஎஃப்கூட மல்லுக்கட்டி புரிஞ்சுக்கிட்டது. ஸ்லாட்டுங்கறது எல்லா மந்திரத்துக்கும் ஒரே காசு. நாங்க மூணு வேற காசு சேத்தோம். மூணாம் லெவலுக்கு மேல போடணும்னா முன்னாடி விரதம் இருக்கணும், கதைல மூணு நாளு, அந்த நாள்ல விரதத்த கெடுக்க டிஎம் ஏதாவது பண்ணுவேன். ரெண்டாவது எல்லை. ஒவ்வொரு ஊருக்கும் எல்லைச்சாமி உண்டுல்ல, அந்த எல்லைக்குள்ள நொழையறப்ப காவல்கிட்ட உத்தரவு கேக்கணும், கேக்காம மந்திரம் போட்டா டைஸ் ரெண்டு உருட்டி கம்மிய எடுத்துக்கணும். எங்க மலைக்கும் ஏற்காடு ரோடு மாதிரியே 20 கொண்டை ஊசி வளைவு, அஞ்சு வளைவுக்கு ஒரு காவல். மூணாவது, திரும்பறது. எஸ்ஆர்டில கவுன்டர்ஸ்பெல்னு ஒண்ணு இருக்கு, எதிராளி மந்திரத்த வெட்டறது, வெட்டினா அது ஒண்ணுமில்லாம போயிடும், ரெண்டு விசார்ட் மாத்தி மாத்தி வெட்டிக்கிட்டு மத்தவங்க கொட்டாவி விடுவாங்க. நம்ம ஊர்ல வெட்டின ஏவல் எங்க போகும், ஏவினவன் மேலயே திரும்பும். அதயே ரூலாக்கிட்டோம், வெட்டுப்பட்ட மந்திரம் பாதி பலத்தோட போட்டவன் மேல வரும். இப்ப கவுன்டர்ஸ்பெல்னு ஒருத்தர் சொன்னா டேபிள்ல எல்லாரும் நிமிந்து உக்காருவாங்க.

ஒரு சாம்பிள் சொல்றேன், பதிமூணாவது வளைவுக்கு மேல ஒரு காபி எஸ்டேட், ராத்திரி, லைன் வீட்டுப் பக்கம் தீ வெச்சுட்டாங்க. மந்திரவாதி ரோல் பண்றவங்க எங்கள்ல மூத்தவங்க, அக்கான்னுதான் கூப்புடுவோம். தண்ணி வரவழைக்கலாமான்னு ஒருத்தன் கேக்கறான், அக்கா வேணாம்னுட்டு தம்பனம், நெருப்புன்னாங்க. அதாவது தீய அணைக்கல, அப்படியே நிறுத்தறாங்க. கான்சென்ட்ரேஷன். சில்வர் ஓக் மரத்து உச்சில ஏறின ஜ்வாலை அப்படியே நிக்குது, மத்தவங்க லைன் வீட்டுக்குள்ள ஓடி கொழந்தைங்கள தூக்கிட்டு வர்றாங்க. இருட்டுல இருந்து ஒரு அம்பு, 9 டேமேஜ், அக்கா உருட்டறாங்க, 8, கூட 2, சரியா 10, தப்பிச்சுது. கத்தி கூச்சல், தட்டுவடை தட்டு கவுந்து சட்னி கேரக்டர் ஷீட் மேல. அடுத்த ரவுண்டு இன்னொரு அம்பு, இந்தத் தடவ அக்கா டைஸ்ல 4தான் விழுந்துச்சு, மந்திரம் கலஞ்சுது. தம்பி ஒருத்தன் மெதுவா கேட்டான், அக்கா, இவ்ளோ நேரம் நிறுத்தி வெச்ச தீ என்னாகும்? நான் அதுக்கு முன்னாடி அத யோசிக்கவே இல்ல, ஆனா கேள்வி வந்தப்புறம் ஒரே பதில்தான இருக்க முடியும், நிறுத்தின அத்தன ரவுண்டு தீயும் மொத்தமா ஒரே நேரத்துல. நிறுத்தின ரவுண்டுக்கு 2டி6ன்னு சொல்லி டைஸ அக்கா கையிலயே குடுத்தேன். கான்சென்ட்ரேஷன் ரூல் பிடிஎஃப்லேர்ந்து, வெலை எங்களோடது, ரெண்டும் சேந்தப்ப வந்த பயம் எந்த ஃபயர்பால்லயும் வரல.

வேற கேம்ல இருந்து என்ன திருடலாம்னா, 2012ல வந்த டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ்ல மந்திரம் போட ஒவ்வொரு தடவையும் டைஸ் உருட்டணும், சொதப்பினா ஒடம்பே மாறிப் போகும், ஜாஸ்தி பலம் வேணும்னா சொந்த ஒடம்பு பாயின்ட்ட எரிக்கலாம். செம கிக், ஆனா ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் ஒரு நீள டேபிள், பக்கம் பொரட்டியே கை ஓஞ்சுடும். 2023ல வந்த ஷேடோடார்க்ல ஸ்லாட்டே கெடையாது, உருட்டு, ஜெயிச்சா திரும்பவும் போடலாம், தோத்தா அந்த ஸ்பெல் ரெஸ்ட் எடுக்கற வரைக்கும் இல்ல. புது குரூப்புக்கு நான் இதத்தான் சொல்லுவேன். 1975லயே டன்னல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்னு ஒரு கேம்ல மந்திரம் போட்டா ஒடம்பு வலு கொறையும்னு வெச்சுட்டாங்க, அதனால மந்திரத்துக்கு வெலைங்கறது ஒண்ணும் நேத்து பொறந்த ஐடியா இல்ல.

நம்ம ஊர வெச்சு டிசைன் பண்றவங்களுக்கு ஒரு ரிக்வெஸ்ட். சேர்வராயன் கோயிலு அந்த மலை மக்கள் கும்பிடற சாமி, மே மாசம் திருவிழாவுக்கு மலை கிராமம் பூரா அங்க கூடும். அந்த சாமிக்கு உயிர் எவ்ளோ, கவசம் எவ்ளோன்னு நம்பர் போட்டு எதிரில நிறுத்தாதீங்க. நாங்க மலையோட வடிவம், பனி, வளைவு, எஸ்டேட் இதத்தான் எடுத்தோம், சாமி பேரெல்லாம் கற்பனை, காவல்களோட யாரும் சண்டை போட முடியாது, பேசத்தான் முடியும். ஆட்டமும் அதனால நல்லாத்தான் இருக்கு.

மார்க் போடணும்னா, ரெடிமேடா எடுத்து ஆடறதுக்கு 5க்கு 3, சொந்த மந்திர சிஸ்டம் பண்றவங்களுக்கு வெலைப்பட்டியலா 5க்கு 4.5. அரை மார்க் கொறைச்சது டேமேஜ் டேபிள், ஒரு நாளைக்கு எத்தன சண்டைங்கற அந்த ரெண்டு கணக்கையும் இதுல வெக்காததுக்கு. மந்திரம்னா சண்டைல போடற குண்டுதான்னு சந்தோஷமா ஆடற குரூப்புக்கு நான் மேல பொலம்பினது எதுவும் பொருந்தாது, அப்படியே எறக்கி ஆடுங்க.

பிரிண்ட் போடறவங்க 400 பக்கமும் போடாதீங்க. ஸ்பெல்காஸ்டிங் ரூல்ஸ், ஸ்பெல் விளக்கம், உங்க கிளாஸோட பக்கம் போதும். நான் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைல குடுத்தேன், ஸ்பைரல் ஓட்டை போடறப்ப உள் ஓரத்து எழுத்து மேலயே போட்டுட்டாங்க, இப்ப பாதி ஸ்பெல்லுக்கு மொத எழுத்து இல்ல, அதனால மார்ஜின் விட்டு செட் பண்ணிக் குடுங்க. இன்னொண்ணு, ஸ்பெல் விளக்கமெல்லாம் லெவல் வாரியா இருக்காது, இங்கிலீஷ் அகர வரிசைல இருக்கும், ஆட்டத்துக்கு நடுவுல தேடறது கொடுமை. வினை வாரியா பிரிச்சு, தம்பனத்துக்கு ஒரு கலரு வசியத்துக்கு ஒரு கலருன்னு ஓரத்துல ஒட்டு போட்டு வெச்சுக்கோங்க, எங்க காப்பில இப்ப அப்படித்தான் இருக்கு, தேடறது நிமிஷத்துல முடியுது.